நான்கு நகரங்களும் ஒரு ரயில் பாதையும்

ஸ்பெயின் தேசத்து யாத்திரைக்குத் திட்டம் போட உட்காருகிறவனுக்கு முதலில் வேண்டியது மனோதிடம். பார்க்கத் தகுந்த பழம்பதிகளின் ஜாபிதா அந்தத் தேசத்தில் அவ்வளவு நீளமானது. ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் காலத்து நீர்ப்பாலம் இன்றும் நிமிர்ந்து நிற்கும் ஸெகோவியா ஒரு பக்கம் அழைக்கிறது. மதில் குலையாத ஆவிலா, 1218-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட சர்வகலாசாலையை உடைய ஸலமான்கா, கடலோரத்துப் பார்ஸிலோனா என்று ஒவ்வோர் ஊரும் தன் பங்குக்குக் கையைப் பிடித்து இழுக்கிறது. நமக்குக் கிடைத்திருப்பதோ, தசரா விடுமுறையோடு சேர்த்து வாங்கிய லீவில், போக வர ஆகும் விமானப் பிரயாணம் நீங்கலாகப் பத்தே நாட்கள்.

நம்முடைய பள்ளிக்கூடத்துக் கணக்கு உபாத்தியாயர் நமக்கு உதவி செய்ய முன்வந்தார். "பத்து நாளில் பன்னிரண்டு ஊர் பார்த்துவிடலாம், ஸார்! மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடுகிற ரயில் இருக்கிறதே!" என்று சொல்லி, ஒரு தாளில் அழகாகக் கட்டம் போட்டுக் கொடுத்தார். அவர் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் நம் சகதர்மிணி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு ரயிலடிகளைப் பார்த்துவிட்டு வருவதற்கா இத்தனை பணம் செலவழிக்க வேண்டும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கணித சாஸ்திரத்தில் பதில் கிடையாது. ஆகவே ஊர்களைக் குறைப்பதென்று முடிவாயிற்று. எந்த நியாயத்தைக் கொண்டு குறைப்பது என்பதுதான் பாக்கி.

அதைச் சொல்வதற்கு முன், காலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்பெயினின் தென்பாகமாகிய ஆண்டலூஸியா, கோடையில் யாத்திரிகர்களுக்கு உகந்த பிரதேசம் அல்ல. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கார்டோவாவுக்கு அருகே லா ராம்ப்லா என்ற ஊரில் 47.6 டிகிரி உஷ்ணம் பதிவாயிற்று. நம் ஊர்க் கத்திரி வெயிலில் பழகியவர்களுக்குக்கூட அது சற்று அதிகப்படிதான். அக்டோபர் மாதம் வந்துவிட்டாலோ, செவில் நகரத்தில் பகலில் 26, 27 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நாள் முழுவதும் நடக்கலாம். கிரானடா மட்டும் கடல் மட்டத்துக்கு 700 மீட்டர் உயரத்தில், பனிமலைத் தொடர் ஒன்றின் அடிவாரத்தில் இருப்பதால், அங்கே ராத்திரிக்கு ஒரு கம்பளிச் சட்டை அவசியம். இலையுதிர் காலத்தில் மழையும் எட்டிப் பார்க்கும். குடையை மறக்கக் கூடாது.

அந்த ஊர்க் கடிகாரத்தையும் புரிந்துகொண்டு போக வேண்டும். ஸ்பெயின், பூகோளப்படி இங்கிலாந்துக்கு நேர் கீழே இருக்கிற தேசம். ஆனால் 1940-ஆம் வருஷம் முதல் அது ஜெர்மனியின் மணியை வைத்துக்கொண்டிருக்கிறது. அதன் பலனாக, அக்டோபர் நடுவில் செவிலில் சூரியன் உதிக்கும்போது மணி எட்டரை ஆகிவிடும். விடியற்காலை ரயிலுக்கு டிக்கட் வாங்குகிறவர்கள் கும்மிருட்டில் மூட்டை தூக்க வேண்டியதுதான். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கடிகாரங்களை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவைக்கிறார்கள் என்பதையும், அன்றைக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். பகல் போஜனம் இரண்டு மணிக்கு. ராத்திரி போஜனம் ஒன்பது மணிக்கு. ஆறு மணிக்குப் பசிக்கிறவர்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்வது உத்தமம்.

இனி, ஊர்களைத் தேர்ந்தெடுத்த விஷயத்துக்கு வருவோம்.

கி.பி. 711-ஆம் வருஷத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு முஸ்லிம் சேனை குறுகிய ஜலசந்தியைக் கடந்து ஸ்பெயினில் இறங்கியது. சில வருஷங்களுக்குள் அந்தத் தீபகற்பத்தின் பெரும் பகுதி அவர்கள் வசமாயிற்று. மூர்கள் என்று ஐரோப்பியர் வழங்கிய அந்த மக்கள் அங்கே குடியும் குடித்தனமுமாகி, எண்ணூறு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக ஆட்சி செய்தார்கள். வடக்கே ஒதுங்கிய கிறிஸ்தவ அரசர்கள் படிப்படியாகத் தெற்கே இறங்கி வந்தார்கள். டொலேடோ அவர்கள் கைக்கு வந்தது 1085-ல், கார்டோவா 1236-ல், செவில் 1248-ல், கடைசியாகக் கிரானடா 1492-ல்.

இந்த நான்கு வருஷங்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ரயில்வே படத்தைப் பார்த்தபோது நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. மாட்ரிட்டிலிருந்து தெற்கே செல்லும் யாத்திரிகன் முதலில் டொலேடோ, பிறகு கார்டோவா, பிறகு செவில், கடைசியில் கிரானடா என்றே சௌகரியமாகப் போகலாம். படைகள் இறங்கிய வரிசையும் ரயில் போகும் வரிசையும் ஒன்றாக இருக்கின்றன! நானூறு வருஷத்துச் சரித்திரத்தை வரிசை குலையாமல் ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம். அப்போதே தீர்மானித்துவிட்டோம். வடக்கே இருக்கும் ஊர்களையெல்லாம் மற்றொரு லீவுக்கு ஒத்திவைத்தோம். ஸெகோவியாவை விட மனம் வரவில்லைதான். மாட்ரிட்டிலிருந்து ரயிலில் அரைமணிதான். ஆயினும் அந்த ரயில் புறப்படுவது வடக்கே உள்ள சமார்ட்டின் நிலையத்திலிருந்து. நமக்கு வேண்டிய ரயில்கள் எல்லாம் தெற்கே உள்ள அட்டோச்சா நிலையத்திலிருந்து. ஒரு நகரத்தைச் சேர்த்தால் ஒரு நாள் போகும். அந்த நாளை நான்கு நகரங்களுக்குள் ஒன்று இழக்க வேண்டும்.

ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் போகிறோம். அந்நியர் ஆட்சியில் இருந்து விடுதலை பெற்ற தேசத்தில் பிறந்தவர்களுக்கு அது இயல்பாக எழும் கேள்வி. போரில் வென்றவன், தோற்றவனுடைய கோயிலையும் அரண்மனையையும் புத்தகத்தையும் என்ன செய்கிறான்? தோற்றவனையே என்ன செய்கிறான்?

ரயிலைப் பற்றிச் சில விவரங்கள். ஸ்பெயினில் முதல் ரயில் பார்ஸிலோனாவுக்கும் மட்டாரோவுக்கும் இடையே 1848-ல் ஓடியது. நம் தேசத்து முதல் பிரயாணி ரயிலுக்கு ஐந்து வருஷம் மூப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பெயினின் அடிமை நாடாக இருந்த கியூபாத் தீவில் 1837-லேயே ரயில் வந்துவிட்டது. அங்கே விளையும் கரும்பையும் சர்க்கரையையும் துறைமுகத்துக்குக் கொண்டுவர அவசரம். சொந்த நாட்டு ஜனங்கள் பதினோரு வருஷம் காத்திருக்கலாம் போலிருக்கிறது! ஸ்பெயினின் பழைய ரயில் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1,668 மில்லிமீட்டர் அகலம். நம் தேசத்து அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். எட்டே மில்லிமீட்டர் வித்தியாசம்! டால்கோ என்ற ஸ்பெயின் தேசத்து ரயில் 2016-ல் மதுராப் பக்கத்தில் நம் தண்டவாளத்தின்மேல் சோதனை ஓட்டம் ஓடியதும் உண்டு.

ஆனால் நாம் போகப்போகும் அதிவேக ரயிலுக்குப் பாதை வேறு. அது மற்ற ஐரோப்பிய தேசங்களைப்போல் 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ளது. அந்தப் பாதை முதன்முதலில் மாட்ரிட்டிலிருந்து செவிலுக்கு 1992-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் திறக்கப்பட்டது. கொலம்பஸ் புறப்பட்டு 500 வருஷம் ஆனதைக் கொண்டாடச் செவிலில் ஓர் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதற்காகவே தெற்குப் பாதைக்கு முதலிடம் கிடைத்தது. கிரானடாவுக்கு அதிவேகப் பாதை 2019-ல்தான் வந்தது. இப்போது மாட்ரிட்டிலிருந்து டொலேடோ சுமார் 35 நிமிஷம். கார்டோவா ஒன்றே முக்கால் மணி. கார்டோவாவிலிருந்து செவில் முக்கால் மணி. செவிலிலிருந்து கிரானடா இரண்டரை மணிக்குச் சற்று மேல். கிரானடாவிலிருந்து மாட்ரிட் திரும்ப மூன்றரை மணி.

டொலேடோவுக்கு ரயில் ஒரு கிளைப் பாதையில் போகிறது. அங்கிருந்து நேரே தெற்கே போக வழியில்லை; மாட்ரிட்டுக்குத் திரும்பி வந்துதான் கார்டோவா ரயில் ஏற வேண்டும். செவில் மார்க்கத்தில் அரசாங்க ரயிலோடு போட்டி போட்டுக்கொண்டு வேறு இரண்டு கம்பெனிகளும் ரயில் விடுகின்றன. நாள் நெருங்க நெருங்க டிக்கட் விலை ஏறும். முன்கூட்டி வாங்குகிறவர்களுக்கு லாபம். ரயிலடியில் மூட்டைகளை யந்திரத்தில் செலுத்திப் பரிசோதிக்கிறார்கள். வண்டி புறப்படுவதற்குச் சற்று முன்பே வாயிலை அடைத்துவிடுகிறார்கள். ஓடி வந்து தொற்றிக்கொள்ளும் நம் ஊர் வித்தை அங்கே பலிக்காது.

திட்டம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. யாத்திரை மாட்ரிட்டில் ஆரம்பமாகிறது. திட்டமோ கிரானடாவிலிருந்து ஆரம்பமாக வேண்டும். அங்குள்ள அல்ஹம்ப்ரா அரண்மனைக்குள் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் போகலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சீட்டில் பெயரும், உள் அரண்மனைக்குள் நுழைய வேண்டிய மணியும் அச்சிட்டிருக்கும். அந்த வேளை தவறினால் தவறியதுதான். சீட்டுகள் வெகு நாள் முன்னதாகவே தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆகையால் முதலில் அல்ஹம்ப்ராவுக்கு நாள் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தோம். அக்டோபர் 12-ஆம் தேதி அவர்களுடைய தேசியத் திருநாள். அதை ஒட்டி ஹோட்டல்களில் இடம் கிடைப்பது அருமை. திங்கட்கிழமைகளில் அரசாங்கப் பொருட்காட்சி சாலைகள் பல மூடியிருக்கும். இவற்றையெல்லாம் விலக்கி, மாட்ரிட்டில் இரண்டு ராத்திரி, டொலேடோவில் ஒன்று, மற்ற மூன்று நகரங்களில் இரண்டிரண்டு என்று ஒன்பது ராத்திரிகளைப் பங்கிட்டோம். பத்தாம் நாள் மாட்ரிட் திரும்ப வேண்டியது.

மாட்ரிட்டே, ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு முஸ்லிம் அமீர் கட்டிய கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பழைய மதிலில் ஒரு துண்டு அரண்மனைக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டால், நம்முடைய பாடத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டதாகும்.

டொலேடோ ரயில் நிலையத்தில் இறங்குகிறவன் அந்தக் கட்டிடத்தை உடனே விட்டுப் போகக் கூடாது. குதிரை லாடம் போன்ற வளைவுகளும், பின்னல் வேலை செய்த செங்கற் சுவரும், வர்ண ஓடுகளுமாக, மூர்களின் சிற்பமுறையைத் தழுவி 1919-ல் கட்டப்பட்ட நிலையம் அது. அவர்களை நாட்டை விட்டுத் துரத்தி முந்நூறு வருஷம் ஆன பிறகு, ரயிலடிக்கு அழகு வேண்டியபோது அவர்களுடைய கலையையே தேடினார்கள்! ஊர், டாகஸ் நதி மூன்று பக்கமும் சுற்றி ஓடும் குன்றின்மேல் இருக்கிறது. ஏற முடியாதவர்களுக்கு மற்றொரு பக்கத்தில் நகரும் படிக்கட்டுகள் வைத்திருக்கிறார்கள்.

1085-ல் இந்த நகரம் கைமாறியபோது, இங்கிருந்த அரபுப் புத்தகங்களும் கைமாறின. வென்றவர்கள் அவற்றைப் படிக்க ஆசைப்பட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் பண்டிதர்கள் இங்கே வந்து, முஸ்லிம்களும் யூதர்களும் உடனிருந்து உதவ, வான சாஸ்திரம், வைத்தியம், கணிதம், தத்துவம் ஆகியவற்றை லத்தீனில் மொழிபெயர்த்தார்கள். இத்தாலியிலிருந்து வந்த கிரமோனா ஜெரார்டு என்பவர் மட்டும் எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்ததாகச் சொல்லப்படுகிறது. டொலேடோவில் பிறந்த பத்தாவது அல்பான்ஸோ, பட்டத்துக்கு வருவதற்கு முன் 1251-ல், அரபியிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை ஸ்பானிஷ் பாஷையில் எழுதுவித்தார். இரண்டு நரிகளின் பெயர்களைத் தாங்கிய அந்தப் புத்தகம் வேறொன்றும் அல்ல. பாரசீகம், அரபு வழியாகப் போய்ச் சேர்ந்த நம்முடைய பஞ்சதந்திரந்தான். நம்முடைய இலக்கங்களும் அதே வழியில் ஸ்பெயினுக்குப் போயின. ஐரோப்பாவில் அவை காணப்படும் மிகப் பழைய ஏடு, வட ஸ்பெயினில் 976-ல் ஒரு கிறிஸ்தவ மடத்துத் துறவி எழுதியது. ஒன்பது இலக்கங்களையும் எழுதி, இந்தியர்களின் கூர்மையான புத்தியை அவர் அதில் புகழ்ந்திருக்கிறார். அந்த ஏடு மாட்ரிட்டுக்கு அருகே எஸ்கோரியல் புத்தகசாலையில் இருக்கிறது. கணக்கு உபாத்தியாயரிடம் இதைச் சொன்னபோது, பன்னிரண்டு ஊர்க் கோரிக்கையை அவர் அப்படியே கைவிட்டார்!

அதே டொலேடோவில் யூதர்களின் பழைய தொழுகைக் கூடங்கள் இரண்டு உள்ளன. ஒன்றுக்கு இப்போது பெயர், "வெண்ணிற மரியன்னை". யூதர்களுக்காக மூர்களின் சிற்பமுறையில் எழும்பிய கட்டிடம், கிறிஸ்தவ ஆலயமாகிப் பெயரும் மாறிவிட்டது. மற்றொன்றை, ஸாமுவேல் லேவி என்ற யூத மந்திரி பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் கட்டினார். சுவரில் ஹீப்ரு எழுத்துக்களும் அரபு எழுத்துக்களும் சேர்ந்து ஓடுகின்றன. அது இப்பொழுது பொருட்காட்சி சாலை. தொழுவதற்கு ஆட்கள் இல்லாததால் அப்படி ஆயிற்று. ஏன் இல்லை என்பதைக் கிரானடாவில் தெரிந்துகொள்ளலாம்.

மாட்ரிட்டுக்கு வந்து, ரயில் மாறித் தெற்கே போனால், லா மாஞ்சாச் சமவெளி கடந்து, மலைத்தொடர் ஒன்றைச் சுரங்கங்கள் வழியே தாண்டி, கார்டோவா வருகிறது. பத்தாம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய நகரம் கிடையாது. இங்குள்ள பெரிய மசூதியை முதலாம் அப்துர் ரஹ்மான் 785-ல் ஆரம்பித்தார். பின்வந்தவர்கள் இருநூறு வருஷம் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இன்று 856 தூண்கள் நிற்கின்றன. பல தூண்கள் ரோமர் காலத்துக் கட்டிடங்களிலிருந்தும் பழைய மாதாகோயில்களிலிருந்தும் எடுத்தவை. ஆக, மூர்களும் தங்களுக்கு முந்தியவர்களின் கல்லைக் கொண்டுதான் கட்டினார்கள். தூண்கள் குட்டையாக இருந்தபடியால், ஒரு வளைவின்மேல் மற்றொரு வளைவாக, சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும்படி அடுக்கிக் கூரையை உயர்த்தியிருக்கிறார்கள்.

கார்டோவாவைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. 997-ல் அல்மன்ஸூர் என்ற முஸ்லிம் தளகர்த்தர், வடமேற்கே ஸந்தியாகோ க்ஷேத்திரத்தைச் சூறையாடி, அந்த ஆலயத்து மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோள்மேல் ஏற்றிக் கார்டோவாவுக்குக் கொண்டுவந்தாராம். 239 வருஷம் கழித்து, கார்டோவாவை வென்ற பெர்டினாண்டு அரசர், அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோள்மேல் ஏற்றி ஸந்தியாகோவுக்குத் திருப்பி அனுப்பினாராம். வெற்றி பெற்றவர்கள் மாறினார்கள். மணியின் கனம் மாறவில்லை. சுமந்தவர்கள் இரண்டு தடவையும் ஏழைக் கைதிகளே.

மசூதியை வென்றவர்கள் இடிக்கவில்லை. கிறிஸ்தவ ஆலயமாக அர்ச்சித்து அப்படியே உபயோகித்தார்கள். 1523-ல் ஒரு பிஷப், அதன் நட்டநடுவில் தூண்களை அகற்றிவிட்டுப் பெரிய ஆலயம் ஒன்று கட்ட முனைந்தார். அதை எதிர்த்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கார்டோவா நகரசபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள்! இடிக்கத் துணியும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்று பறை சாற்றினார்கள். வழக்கு ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியிடம் போயிற்று. அவர் பிஷப்பின் பக்கம் தீர்ப்பளித்தார். பிற்பாடு நேரில் வந்து பார்த்தபோது, உலகத்தில் எங்கும் இல்லாததைக் கெடுத்து, எங்கும் இருப்பதைக் கட்டிவிட்டீர்களே என்று அவர் வருந்தியதாகக் கர்ண பரம்பரை. அவர் அப்படிச் சொன்னாரோ இல்லையோ, அயலார் கட்டிய கட்டிடத்தைத் தங்கள் ஊர்ச் சொத்தாகப் பாவித்துத் தண்டோராப் போட்ட அந்த நகரசபையார் நம் வணக்கத்துக்கு உரியவர்கள்.

கார்டோவாவிலிருந்து முக்கால் மணியில் செவில். இங்கே குவாடல்கிவிர் நதிக்கரையில் மூர்களின் பெரிய மசூதி இருந்தது. அதை நீக்கிவிட்டு, உலகத்தின் மிகப் பெரிய ஆலயங்களில் ஒன்றை வென்றவர்கள் கட்டினார்கள். ஆயினும் 1198-ல் முடிந்த மசூதிக் கோபுரத்தை மட்டும் இடிக்க மனமில்லாமல், உச்சியில் மணிக்கூண்டு வைத்து உயர்த்திக்கொண்டார்கள். ஹிரால்டா என்னும் அந்தக் கோபுரத்தில் ஏறப் படிக்கட்டுகள் இல்லை. குதிரைமேல் ஏறிப் போகலாம்படி 35 சாய்தளங்கள் அமைந்திருக்கின்றன.

மசூதியின் முற்றமும் அப்படியே இருக்கிறது. அதில் வரிசை வரிசையாக நாரத்தை மரங்கள். 'நரான்ஹா' என்று ஸ்பானியர்கள் சொல்கிறார்கள். அந்தச் சொல் அரபிலிருந்து வந்தது, அரபுக்குப் பாரசீகத்திலிருந்து, அதற்கு வடமொழியிலிருந்து, வடமொழிக்கு நம் தென்னாட்டு மொழிகளிலிருந்து போயிருக்கலாம் என்பது பாஷா சாஸ்திரிகள் பலருடைய கருத்து. செவில் தெருக்களில் நிற்கும் மரங்களின் பழமும் நம் நாரத்தையைப் போல் கசப்புதான். அக்டோபரில் காய் பச்சையாக இருக்கும். பழுப்பது தை மாதத்தில். நம் சகதர்மிணிக்கு, ஊறுகாய்க்கு ஏற்ற பருவத்தில் போகிறோம் என்பதில் பரம திருப்தி.

மரக்கறி போஜனம் செய்கிறவர்களுக்கும் செவில் கை கொடுக்கும். கொண்டைக் கடலையும் பசலைக் கீரையும் சேர்த்துச் சீரகம் போட்டுச் சமைக்கும் பண்டம் அந்த ஊருக்கே உரியது. குளிர்ந்த தக்காளிக் குழம்பும் உண்டு. ஆனால் மேலே பன்றி இறைச்சித் துணுக்குகளைத் தூவும் வழக்கம் உண்டாதலால், முன்கூட்டியே சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆலயத்துக்கு எதிரில் அல்காஸார் அரண்மனை. மூர்களின் அரண்மனை என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள். முக்கிய பாகத்தைக் கட்டியவர் பேத்ரோ என்ற கிறிஸ்தவ அரசர். 1364-ல் கட்டிய முகப்பில், கிரானடாவை ஆண்ட சுல்தான்களின் விருதுவாக்கியம் அரபு எழுத்தில் நீல ஓடுகளில் பொறித்திருக்கிறது. "இறைவனைத் தவிர வெற்றி கொள்வோர் எவருமில்லை" என்பது அதன் பொருள். செவிலை வென்று நூறு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, வென்றவரின் சந்ததியார் தம் வீட்டு வாயிலில் அந்த வாசகத்தை ஏற்றிவைத்தார்!

செவிலில் நாம் அவசியம் போகப்போகும் மற்றோர் இடம், இந்தியத் தீவுகளின் ஆவணசாலை. கொலம்பஸ் தேடிப் புறப்பட்டது நம் தேசத்தை. போய்ச் சேர்ந்தது அமெரிக்காவை. ஆகவே ஸ்பெயினின் அமெரிக்க ராஜ்யத்துக்கு 'இந்தியா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1785-ல் ஏற்பட்ட அந்தச் சாலையில் சுமார் எட்டுக் கோடிப் பக்கங்கள் இருப்பதாக மதிப்பு. ஒரு சாம்ராஜ்யம் எழுதி வைத்த கணக்கு அவ்வளவு! பக்கத்து ஆலயத்தில், நான்கு கட்டியக்காரர்கள் தூக்கி நிற்கும் பேழையில் கொலம்பஸின் எலும்புகள் இருக்கின்றன. அவை ஹவானாவிலிருந்து வந்தவை. 1898-ல் கியூபாவை இழந்தபோது, ஸ்பானியர்கள் அவற்றையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். ஆண்ட நாட்டிலிருந்து கடைசியில் கொண்டுபோக முடிந்தது ஒரு கைப்பிடி எலும்பு.

கடைசி நகரம் கிரானடா. ஸ்பானிஷ் பாஷையில் அந்தச் சொல்லுக்கு மாதுளை என்று பொருள். ஸ்பெயின் தேசத்து ராஜமுத்திரையின் அடியில் இன்றும் ஒரு மாதுளம்பழம் இருக்கிறது. இலையுதிர் காலமே அந்தப் பழத்துக்கும் பருவம். குன்றின்மேல் இருக்கும் அல்ஹம்ப்ராவை 1238-ல் ஆரம்பித்தார்கள். சிங்க முற்றம் முதலிய உன்னதமான பகுதிகள் பதினான்காம் நூற்றாண்டில் எழுந்தவை. உள்ளே சுவர் சுவராக, வளைவு வளைவாக, செவிலில் கண்ட அதே வாசகம்: இறைவனைத் தவிர வெற்றி கொள்வோர் எவருமில்லை. 1492-ஆம் வருஷம் ஜனவரி 2-ஆம் தேதி இஸபெல்லா ராணியும் பெர்டினாண்டும் கோட்டையை ஒப்புக்கொண்டார்கள். வென்றவர்கள் அந்த எழுத்துக்களை அழிக்கவில்லை. அரண்மனையைப் பழுதுபார்த்துக் காப்பாற்றினார்கள்.

நாம் மனத்தில் வைத்திருந்த கேள்விக்குப் பாதி விடை இது. மற்றப் பாதி கசப்பானது. கோட்டை சரணடைந்தபோது செய்த உடன்படிக்கையில், முஸ்லிம்களின் மதத்துக்கும் சொத்துக்கும் வழக்கங்களுக்கும் பங்கம் வராது என்று அரசர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். மூன்றே மாதத்தில், மார்ச் 31-ஆம் தேதி, மதம் மாறாத யூதர்கள் தேசத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற கட்டளை அல்ஹம்ப்ராவிலிருந்தே பிறந்தது. டொலேடோவின் தொழுகைக் கூடங்கள் வெறிச்சோடிய காரணம் அதுதான். 1499-க்குப் பிறகு கிரானடா முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாக மதம் மாற்றினார்கள். அரபுப் புத்தகங்களைத் தெருச் சதுக்கத்தில் கொளுத்தினார்கள். மாறியவர்களின் பேரப்பிள்ளைகளையும் நம்பாமல், 1609 முதல் 1614 வரையில் சுமார் மூன்று லட்சம் பேரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கட்டிடம் பிழைத்தது, கட்டியவன் பேரன் பிழைக்கவில்லை. கீழே ராஜ சமாதியில் இஸபெல்லாவும் பெர்டினாண்டும் துயில்கிறார்கள். அல்ஹம்ப்ராவைப் பார்த்த கண்ணோடு அதையும் பார்க்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.

காலம் சிலவற்றைத் திருத்தவும் முயன்றிருக்கிறது. வெளியேற்றப்பட்ட யூதர்களின் சந்ததியார் ஸ்பெயின் பிரஜைகளாகலாம் என்று 2015-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு மனுச்செய்யும் கெடு 2019-ல் முடிந்தது. வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் சந்ததியாருக்கு அத்தகைய சட்டம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அல்ஹம்ப்ராவுக்கு எதிர்க் குன்றில், மூர்கள் குடியிருந்த அல்பைஸின் பேட்டையில், பழைய ஸான் நிக்கோலாஸ் ஆலயத்துக்குப் பக்கத்தில், 2003-ல் ஒரு புதிய மசூதி திறந்தார்கள். அதன் தோட்டத்திலிருந்து பார்த்தால், பள்ளத்தாக்குக்கு அப்பால் அல்ஹம்ப்ராவின் செம்மதில் முழுவதும் தெரியும் என்கிறார்கள்.

ஒரு தேசம் பல கைகள் சேர்ந்து கட்டிய வீடு. எந்தக் கையை வெட்டி எறிந்தாலும், அது வைத்த கல் சுவரில் இருந்துகொண்டுதான் இருக்கும். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: டொலேடோவில் வியந்து, கார்டோவாவில் தயங்கி, செவிலில் மயங்கி, அதன் பிறகு கிரானடாவுக்குப் போகிறவனுக்கு அந்த உடன்படிக்கை முறிந்த செய்தி வெறும் செய்தியாக இராது. அதற்காகவே வரிசையை மாற்றாமல் போகிறோம்.

ஒன்பதாம் நாள் சாயங்காலத்துக்கு எதிரே திட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அல்பைஸின் குன்றில் ஆலயமும் மசூதியும் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் உட்கார்ந்து, இருட்டும் வரையில் எதிர்க் குன்றைப் பார்த்துக்கொண்டிருப்பதாக உத்தேசம். அதற்கு டிக்கட் கிடையாது.